மலைப்பாதை வண்டியில் வேட்டை ரைஃபிளைப் பத்திரமாகப் பொருத்துவது எப்படி?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் ரைஃபிள், தோட்டா, குளிராடை, கூடாரம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் யோசித்து வாங்குகிறார்கள். அந்த ரைஃபிளை வண்டியில் எங்கே வைப்பது என்பதை மட்டும் கிளம்பும் நாள் காலையில்தான் யோசிக்கிறார்கள். இருக்கைக்குப் பின்னால் செருகி, கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு காரியத்திலேயே சட்டம் மீறப்படுகிறது, உடன் பயணம் செய்பவருக்கு ஆபத்து வருகிறது, ரைஃபிளின் மேல் இருக்கும் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) குறியும் மெல்ல விலகத் தொடங்குகிறது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டதால், அப்பாவிடமோ மாமாவிடமோ பார்த்துக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அங்கிருந்து அமெரிக்கா வந்த நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைத்ததில்லை. அமெரிக்காவில் பிறந்த வேட்டைக்காரர் பத்து வயதில் கற்றதை நாம் நாற்பது வயதில் கற்கிறோம். ஆகவே அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். சைடு-பை-சைடு என்று இங்கே சொல்லப்படும் வண்டியை மனத்தில் வைத்து எழுதுகிறேன்: போலாரிஸ் ரேஞ்சர், ஹோண்டா பயனீர், கேன்-ஆம் டிஃபெண்டர் போன்றவை. அருகருகே இருக்கைகள், மேலே குழாய்க் கூண்டு, பின்னால் சிறிய சரக்குத் தொட்டி.

எல்லா முடிவுகளுக்கும் அடிப்படையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் இருக்கும்வரை ரைஃபிளைச் சரக்காகவே நடத்துங்கள். கண்ணெதிரே மான் வந்தால் சட்டென்று உருவி எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இடம் தேடினால் தவறான இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள். வண்டியிலிருந்தபடி சுடுவது இங்கே குற்றம். இறங்கி, சாலையை விட்டு விலகி, நிதானமாக எடுத்துத் தோட்டா போட வேண்டிய ஒரு பொருளுக்கு வேகமாக உருவும் வசதி எதற்கு?

முதலில் சட்டம்

கொலராடோவின் விதி தெளிவானது. சைடு-பை-சைடு உள்ளிட்ட மலைப்பாதை வண்டிகளில் ரைஃபிளைக் கொண்டுசெல்லும்போது தோட்டா அறையிலும் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) மேகசினிலும் (மற்றத் தோட்டாக்களை அடுக்கும் கூடு) ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. ரைஃபிள் முழுவதுமாக மூடிய கெட்டிப் பெட்டியிலோ மென்மையான உறையிலோ இருக்க வேண்டும். ஒரு முனை திறந்திருக்கும் உறைகளுக்கும் பக்கவாட்டில் திறந்த தாங்கிகளுக்கும் அனுமதி இல்லை. தம் சொந்த நிலத்தில் வண்டி ஓட்டுபவர்களுக்கு விலக்கு உண்டு. தேசிய வனப்பகுதிக்குப் போகும் நமக்கு அது பொருந்தாது.

இந்த விதியால் கடையில் கண்ணைக் கவரும் பொருள்களில் பாதி அடிபட்டுப் போகிறது. கூரைக்கு அடியில் தொங்கும் திறந்த ரைஃபிள் தாங்கி, இரண்டு கவ்விகளில் பளிச்சென்று நிற்கும் தாங்கி போன்றவற்றை டெக்சாஸ் பண்ணையில் தன் நிலத்தில் ஓட்டுபவர் வாங்கலாம். கொலராடோ பொதுநிலத்துக்கு அவை உதவாது. வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பிக்கப் டிரக், ஜீப் போன்ற சாதாரண வாகனங்களுக்கு விதி சற்றுத் தளர்வு. தோட்டா அறை காலியாக இருக்க வேண்டும் என்பதே அங்கே முக்கியம். ஆனாலும் எல்லா வண்டிக்கும் ஒரே பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: மேகசினும் காலி, அறையும் காலி, பெட்டியும் மூடியது. ஆளில்லாமல் நிறுத்தும் வாகனத்தில் துப்பாக்கியை வைப்பது பற்றி 2025 ஜனவரி 1 முதல் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நீளத் துப்பாக்கியானால் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். பூட்டிய மென்மையான உறையில் வைத்தால் துப்பாக்கியிலேயே தனியாக ஒரு பூட்டு மாட்டியிருக்க வேண்டும். சில விலக்குகள் இதற்கும் உண்டு. ஆனால் விலக்குகளைத் தேடுவதைவிடப் பூட்டுவது சுலபம். மாநில வனவிலங்குத் துறையான கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டைக் கையேட்டைக் கிளம்பும் முன் ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். பொதுவாக அத்தகைய விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அந்தத் தடைக்கான விலக்குகளில் ஒன்று. உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த எவருக்கும் கொலராடோவில் அது கட்டாயம். உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும் என்பதால், நண்பரின் ரைஃபிளைத் தொடும் முன்பே தேதியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். விசா விவகாரத்தில் ஊகம் வேண்டாம்.

பெட்டி

22 அல்லது 24 அங்குலக் குழல் கொண்ட போல்ட் ரைஃபிளின் (போல்ட் என்னும் உலோகத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றுவது) மொத்த நீளம் பெரும்பாலும் 42 முதல் 44 அங்குலம் வரை இருக்கும். உள்நீளம் 46 முதல் 48 அங்குலம் உள்ள பெட்டி சரியாக இருக்கும். நீளத்தைவிட ஸ்கோப்பின் உயரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்ட ஸ்கோப், அதை ரைஃபிளோடு பிடிக்கும் உயரமான வளையங்களில் நின்றால், ஒல்லியான பெட்டியின் மூடி அதை அழுத்தும். மூடி ஸ்கோப்பை அழுத்தும் பெட்டியில் ஒவ்வொரு குலுக்கலும் நேராக ஸ்கோப் வளையங்களில் போய் இறங்கும். கடைக்கு ரைஃபிளின் அளவை எழுதிக் கொண்டுபோங்கள்: நீளம், ஸ்கோப் உச்சியிலிருந்து மேகசின் அடிவரை உயரம், போல்ட் பிடி வெளியே நீட்டும் அகலம்.

கன் பூட் என்று வேட்டைக்காரர்கள் சொல்லும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு இந்த வண்டிகளுக்கென்றே வந்தது. ரைஃபிளைக் குழல் முதலாக உள்ளே இறக்கி, மேல் மூடியைப் பொருத்திவிட்டால் முழுவதும் மூடிக்கொள்ளும். கோல்பின் போன்ற நிறுவனங்கள் அதற்கான தாங்கியையும் சேர்த்தே விற்கின்றன. இதன் நன்மை குறைந்த இடம்; குறை, பூட்டு வசதி பலவற்றில் பலவீனம். உள்ளே ஃபோம் வைத்த, இரண்டு பூட்டுத் துளை கொண்ட கெட்டிப் பெட்டி கனம் கூடியது, இடமும் அடைக்கும், ஆனால் பாதுகாப்பு அதிகம். மென்மையான உறையைச் சட்டம் ஏற்கிறது, நான் பரிந்துரைப்பதில்லை. கல்லும் வேரும் நிறைந்த பாதையில் மென்மையான உறை ரைஃபிளைத் தூசியிலிருந்து காக்கலாம், அடியிலிருந்து காக்காது.

இடம்

முதலில் எங்கே வைக்கக்கூடாது என்று பார்ப்போம். ஓட்டுநருக்கும் பக்கத்திலிருப்பவருக்கும் இடையில் வேண்டாம். கால் வைக்கும் இடத்தில் வேண்டாம். தலைக்கு மேல் வேண்டவே வேண்டாம்: வண்டி புரண்டால் கூண்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கெட்டிப் பொருளும் தலைக்குத்தான் வரும்.

அது எவ்வளவு விசையோடு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கோப்புடன் ரைஃபிள் ஏறக்குறைய 4 கிலோ, கெட்டிப் பெட்டி இன்னொரு 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு மரத்தில் மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிட்டால், அந்த 8 கிலோ சுமை ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் பாயும். ரப்பர் கயிறு அதைத் தாங்காது. பிளாஸ்டிக் கொக்கியும் தாங்காது. எதைப் பொருத்தினாலும், ஒரு பெரிய ஆள் அதைப் பிடித்துத் தொங்கினால் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரியான இடம் இரண்டுதான். இருக்கைகளுக்குப் பின்னால், கூண்டின் பின்தூண்களில், தொட்டிக்கு முன்பாகச் செங்குத்தாகவோ சற்றுச் சாய்வாகவோ நிறுத்துவது முதலாவது. சரக்குத் தொட்டியில், முன்சுவரை ஒட்டி, குறுக்காகப் படுக்க வைப்பது இரண்டாவது. நான் முதலாவதையே விரும்புகிறேன். காரணம் எல்க். ஒரு வளர்ந்த ஆண் எல்க்கை வெட்டி எடுத்தால் நான்கு பெரிய தொடை, தோள் பகுதிகளும் மற்ற இறைச்சியும் தொட்டியை நிரப்பிவிடும். அப்போது தொட்டியில் இருந்த ரைஃபிள் பெட்டி எங்கே போகும்? களைத்துப்போன மாலையில், இருட்டில், அது யாராவது ஒருவரின் மடிக்கு வந்துவிடும். அந்த நிலை வராமல் இருக்கவே தொட்டிக்கு வெளியே நிரந்தர இடம் தர வேண்டும்.

தொட்டியைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தால், முன்சுவரை ஒட்டியே வையுங்கள். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் சக்கரம் கிளப்பும் தூசி பின்பக்கமாக உள்ளே இழுக்கப்படும். தொட்டியின் பின்பாதியில் அது அதிகம்.

பொருத்தும் வேலை

முதலில் கூண்டின் குழாயை அளந்து பாருங்கள். பல வண்டிகளில் 1¾ அல்லது 2 அங்குல விட்டமுள்ள வட்டக் குழாய் இருக்கும். போலாரிஸ் ரேஞ்சரின் புதிய மாதிரிகளில் குழாய் வட்டமாக இருக்காது. குழாயைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப்பை அந்த வடிவத்துக்கென்று விற்பதாகத்தான் பார்த்து வாங்க வேண்டும். வட்டக் கிளாம்ப்பை முறுக்கி முறுக்கி அதில் உட்கார வைத்தால் இரண்டு முனைகளில் மட்டும் கவ்வும், முதல் நாளே நழுவத் தொடங்கும்.

கூண்டில் துளை போடாதீர்கள், வெல்டிங் செய்யாதீர்கள். வண்டி புரளும்போது உங்கள் உயிரைக் காப்பது அந்தக் குழாய்தான். ஒரு துளையிலிருந்து விரிசல் தொடங்கலாம். சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மட்டுமே போதும்.

இடத்தை முடிவுசெய்யும் முன் பெட்டியை ஒருவர் கையில் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் மூன்று காரியங்களைச் சோதியுங்கள். இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் பெட்டி முதுகிலோ தலையிலோ இடிக்கிறதா? தொட்டியை முழுவதும் உயர்த்தினால் அதன் முன்விளிம்பு பெட்டியைத் தொடுகிறதா? எஞ்சின் சூடான பிறகு சைலன்சர் பக்கத்து வெப்பம் அந்த இடத்துக்கு வருகிறதா? இரண்டாவது சோதனை மிக முக்கியம். இந்த வண்டிகளில் பலவற்றின் தொட்டி டிப்பர் லாரிபோல் உயரக்கூடியது. பெட்டியின் ஒரு முனையைக் கூண்டிலும் மறுமுனையைத் தொட்டியிலும் பொருத்திவிட்டால், தொட்டியை உயர்த்தும் முதல் தடவையே ஏதாவது ஒன்று உடையும். இரண்டு கிளாம்ப்பும் கூண்டிலேயே இருக்க வேண்டும், அல்லது இரண்டும் தொட்டியிலேயே இருக்க வேண்டும்.

பிறகு வேலை இந்த வரிசையில் நடக்கட்டும்.

1. கிளாம்ப் உட்காரும் இடத்தில் குழாயைத் துடைத்து, 2 அல்லது 3 மில்லிமீட்டர் கெட்டி ரப்பர் பட்டையைச் சுற்றுங்கள். நழுவலையும் குறைக்கும், அதிர்வையும் குறைக்கும்.

2. குறைந்தது இரண்டு கிளாம்ப். அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள். 48 அங்குலப் பெட்டிக்கு 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நெருக்கமாக இருக்கும் இரண்டு கிளாம்ப்பும் ஒரே ஒரு கிளாம்ப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: பெட்டியின் முனை ஆடிக்கொண்டே இருக்கும்.

3. பெட்டியின் பிளாஸ்டிக் சுவர் வழியாக மரையாணி போகும் இடத்தில் உள்ளே ஒரு அலுமினியத் தகடு வையுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். தகடு இல்லாவிட்டால் மோதும்போது மரையாணி அப்படியே இருக்கும், பெட்டி மட்டும் கிழிந்து போய்விடும். உள்ளே வரும் மரையாணியின் தலை தட்டையாக இருக்கட்டும். அதன் மேல் ஃபோம் மூடட்டும்.

4. நைலான் வளையம் வைத்த நட்டையே பயன்படுத்துங்கள். சாதாரண நட்டு மலைப்பாதையின் அதிர்வில் சில மணி நேரத்தில் தளரலாம். கிளாம்ப்புடன் வரும் தாளில் சொல்லப்பட்ட இறுக்கம்வரை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, நட்டின் மீதும் பக்கத்து உலோகத்தின் மீதும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

5. செங்குத்தாக நிற்கும் கூட்டில் குழல் கீழ்நோக்கி இருக்கட்டும். அடியில் 2 அங்குலமாவது கெட்டி ஃபோம் வேண்டும். குழலின் வாய் பிளாஸ்டிக் அடியில் நேராக இடித்துக்கொண்டிருந்தால் விளிம்பு சேதமாகும். குறி தப்புவதற்கு அந்தச் சின்னச் சேதமே போதும்.

6. ரைஃபிளின் எடையை அதன் கட்டையின் (கையால் பிடித்துத் தோளில் வைக்கும் பகுதியின்) முன்பகுதியும் பின்பகுதியும் தாங்க வேண்டும். ஸ்கோப்பிலும் குழலிலும் எதுவும் அழுத்தக்கூடாது. ஸ்கோப் இருக்கும் இடத்தில் ஃபோமைத் தாராளமாக வெட்டி எடுத்துவிடுங்கள். மூடிய பெட்டியைக் கையில் எடுத்து உலுக்கினால் உள்ளே சத்தம் வரக்கூடாது.

தொட்டியில் படுக்க வைப்பவர்களுக்குக் கிளாம்ப்புக்குப் பதில் பட்டை போதும். பற்சக்கரக் கைப்பிடியால் இறுக்கும் ராட்செட் பட்டையை அதிகம் இறுக்கினால் பெட்டியின் மூடி வளைந்து ஸ்கோப்பை அழுத்திவிடும். கையால் இழுத்து இறுக்கும் கேம் பக்கிள் பட்டை இரண்டு போதுமானது. பட்டையில் அச்சிட்டிருக்கும் தாங்கும் எடையைப் படித்து வாங்குங்கள். போலாரிஸ் வண்டிகளில் இருக்கும் லாக் அண்ட் ரைட் துளைகளில் பொருந்தும் தாங்கிகளும் நல்லவையே. கருவி இல்லாமல் கழற்ற முடிவதுதான் அவற்றின் வசதி. திருடனுக்கும் அதே வசதி என்பதால் கூடவே ஒரு எஃகு வடமும் வேண்டும்.

பூட்டு

பெட்டியின் எல்லாப் பூட்டுத் துளைகளிலும் பூட்டு போடுங்கள். ஒரு மூலை பூட்டப்படாமல் இருந்தால் அங்கே விரலை நுழைத்து மூடியை நெம்பிவிட முடியும். பெட்டியின் பிடி வழியாகவோ தாங்கியின் வழியாகவோ ஒரு எஃகு வடத்தை விட்டுக் கூண்டோடு சேர்த்துப் பூட்டுங்கள். ரைஃபிளுக்குள்ளேயும் ஒரு கம்பிப் பூட்டு: போல்ட்டை எடுத்துவிட்டு மேகசின் வழியாக நுழைத்துப் பூட்டுவது. அமெரிக்காவில் புதுத் துப்பாக்கி வாங்கும்போது இந்தக் கம்பிப் பூட்டு பெரும்பாலும் உடன் வரும். கழற்றிய போல்ட் உங்கள் சட்டைப் பையிலோ முதுகுப்பையிலோ இருக்கட்டும். போல்ட் இல்லாத ரைஃபிளால் குழந்தையும் சுட முடியாது, திருடனும் சுட முடியாது.

டிரெய்லரில் சைடு-பை-சைடை ஏற்றி நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்லும்போது ரைஃபிளை அதில் விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தும் பத்து நிமிடமும் அது திறந்த வெளியில் இருக்கும். டிரக்குக்குள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, பூட்டிய பெட்டியில் வையுங்கள்.

ஏற்றும் ஒவ்வொரு முறையும்

தோட்டாவை எடுக்க வேண்டிய இடம் வண்டியின் அருகில் அல்ல. வண்டியை நெருங்கும் முன்பே. குழல் யாரும் இல்லாத பக்கம், தரையை நோக்கி. விரல் விசைக்கு வெளியே. மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைப் பின்னால் இழுத்து அறையிலிருக்கும் தோட்டாவை வெளியேற்றுங்கள். கண்ணால் அறையைப் பாருங்கள். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். விடிகாலை இருட்டில் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. உடன் வந்தவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அனுபவம் மிகுந்தவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். அதன் பிறகே பெட்டி திறக்க வேண்டும். தோட்டாக்கள் வேறொரு பையில், வேறொரு இடத்தில்.

வனவிலங்கு அதிகாரி வண்டியை நிறுத்தினால் எஞ்சினை அணைத்து, கைகளை ஸ்டியரிங் மீது தெரியும்படி வைத்து, ரைஃபிள் எங்கே இருக்கிறது, காலியாகப் பூட்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் கேட்காமல் பெட்டியின் பக்கம் கை நீட்ட வேண்டாம்.

குறி சரியாக இருக்கிறதா?

இந்த ஒரு வேலையைப் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். பொருத்துவதற்கு முன் 100 கெஜத்தில் மூன்று தோட்டா சுட்டு, அந்தக் காகிதத்தை எடுத்து வையுங்கள். பொருத்திய பிறகு, வேட்டைப் பருவத்துக்குச் சில வாரம் முன்பே, ரைஃபிளைப் பெட்டியில் வைத்து 30 கிலோமீட்டராவது கரடுமுரடான பாதையில் ஓட்டுங்கள். திரும்பி வந்து அதே தோட்டா வகையால் அதே தூரத்தில் மறுபடி மூன்று. இரண்டு காகிதத்திலும் தோட்டாக் கூட்டத்தின் மையம் ஒரே இடத்தில் இருந்தால் உங்கள் வேலை சரி.

ஓர் அங்குலம் விலகியிருந்தால் அதை அற்பமாக எண்ண வேண்டாம். 100 கெஜத்தில் ஓர் அங்குலம் என்பது 300 கெஜத்தில் மூன்று அங்குலம். அத்துடன் காற்றும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் மானைக் காயப்படுத்தித் துரத்தும் நிலை வரலாம். அந்தத் துன்பத்தை ஒரு உயிருக்குத் தர நமக்கு உரிமை இல்லை. உடனே ஸ்கோப்பின் குமிழைத் திருப்பாதீர்கள். முதலில் காரணத்தைத் தேடுங்கள். ஸ்கோப் வளையங்களின் திருகாணிகளை அவற்றைச் செய்த நிறுவனம் சொன்ன இறுக்கத்துக்குச் சோதியுங்கள். பல வளையங்களுக்கு அது 15 முதல் 18 அங்குல-பவுண்டு. பிறகு ஸ்கோப் அடித்தளம், பிறகு கட்டையோடு ரைஃபிளைச் சேர்க்கும் திருகாணிகள். எல்லாம் இறுக்கமாக இருந்தால் ஃபோமைப் பாருங்கள். எங்கோ ஒரு இடத்தில் அது ஸ்கோப்பைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

தூசியும் குளிரும்

செப்டம்பரில் புழுதி, நவம்பரில் பனி. பெட்டியின் மூடியில் ரப்பர் விளிம்பு இருந்தாலும் நுண்தூசி உள்ளே வரும். ரைஃபிளில் எண்ணெயைக் குறைவாகப் பூசுங்கள். அதிக எண்ணெயில் தூசி ஒட்டும், கடுங்குளிரில் அது கெட்டியாகி, உள்ளே தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசியின் அடியையும் மெதுவாக்கும். ஒவ்வொரு மாலையும் ஒரு துணியால் போல்ட்டைத் துடைத்தால் போதும்.

குளிரில் நாள் முழுவதும் இருந்த ரைஃபிளைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் உலோகமெங்கும் நீர் படியும். அதே ஈரத்தோடு ஃபோம் பெட்டிக்குள் வைத்து மூடினால் ஒரே இரவில் துரு பிடிக்கலாம். இரவு முகாமில் இருந்தால் பூட்டிய டிரக்கில் குளிரிலேயே இருக்கட்டும். வீட்டுக்குள் கொண்டுவந்தால் துடைத்து, ஃபோமையும் தனியாக எடுத்துக் காயவைத்து, ரைஃபிளைத் துப்பாக்கி அலமாரியில் பூட்டுங்கள். எல்க் இறைச்சி ஏற்றிய நாளென்றால் தாங்கியையும் கிளாம்ப்பையும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். இரத்தத்தில் இருக்கும் உப்பு உலோகத்தை அரிக்கும். கழுவும்போதே அந்த வண்ணக் கோடுகளைப் பார்த்து, நகர்ந்த நட்டை அன்றைக்கே இறுக்கிவிடலாம்.